ஆறினால் மூடும் போர்வை

முதல் கப்பை அடுக்கிலிருந்து உருவியபோது சுண்டு எதையும் கவனிக்கவில்லை. இரண்டாவதை உருவியபோது உள்ளே ஏதோ தூசி என்று நினைத்து ஊதினாள். தூசி போகவில்லை. விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தாள். விரல் நுனி நீலமாக வந்தது.

மூன்றாவதையும் நான்காவதையும் உருவி, குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றின் உள்சுவரிலும், விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே, யாரோ ஈரத் தூரிகையை இழுத்துவிட்டுப் போனது போல ஒரு நீலத் தீற்றல். கண்காட்சிக் கூடத்தில் ஏசி உறைய வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரன் தன் சோப்புப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்குவதும், அது சரிவதும், அவன் தன்னைத் தானே திட்டிக்கொள்வதுமாக இருந்தான். மதிப்பெண் போடுகிறவர்கள் கூடத்தின் அந்தக் கோடியில் தொடங்கியிருந்தார்கள்.

சுண்டு என்பது வீட்டில் வைத்த பெயர். சுண்டெலியின் சுருக்கம். சின்ன வயதில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாளாம், அதனால் அக்கா வைத்தது. டிசைன் படிப்பில் கடைசி வருஷத்துக்கு வந்தும் பெயர் போகவில்லை, பயமும் போகவில்லை. பயந்தால் அவள் கை இரண்டும் ஜில்லென்று ஆகிவிடும். "மீன் கடைக் கை" என்பாள் அக்கா. "ஐஸ்ல இருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்குடி, தொடாத." சொல்லிவிட்டு அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிடுகிறவளும் அவள்தான்.

அந்த அக்கா இப்போது ஏழு மாதம். அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை தூரத்து ஊரில். அதனால் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அம்மா காலையில் தையல் கூடத்துக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். ஆக, இந்த நேரத்தில் வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். சமையலறை மேடையில், இதே அடுக்கிலிருந்து உருவிய நான்கு கப்புகள் அவளோடு இருந்தன.

அந்தக் கப்புகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு கதை, நான்கு காகிதக் கப். எல்லாவற்றிலும் ஒரு காது மடங்கின குண்டுப் பூனை ஒன்று வரும். வீட்டுக்கு யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்று அதற்கு மூக்கில் பட்டுவிட்டது. யார் என்று வீடு முழுக்கத் துழாவுகிறது. முதல் கப்பில் ஒரு நீலத் திரைச்சீலை. கப்பில் சூடாக எதையாவது ஊற்றினால் திரை மெல்லக் கரைந்து, அதன் பின்னால் ஒரு பால் புட்டி நிற்கும். இரண்டாவதில் நீலக் கதவு போட்ட அலமாரி. சூடு பட்டால் உள்ளே கட்டைவிரல் அளவுக் காலுறைகள் தொங்கும். மூன்றாவதில் ஒரு நீலக் குடை, அதன் பின்னால் கிலுகிலுப்பை. நான்காவதில் ஒரு தொட்டிலும் அதை மூடிய நீலப் போர்வையும். அந்தப் போர்வை கரைந்தால், கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு ஒரு பாப்பா தூங்கும். பூனை தொட்டில் விளிம்பில் இரண்டு காலையும் வைத்து எட்டிப் பார்க்கும்.

எல்லாம் ஒரு மையின் வேலை. குளிரில் நீலம், சூட்டில் நிறமே இல்லை. ஆறினால் மறுபடி நீலம். அச்சடித்த படத்தின் மேல் அந்த மையைச் சுண்டு கையாலேயே தூரிகை வைத்துப் பூசினாள்.

கல்லூரியில் கேட்டவர்களுக்கெல்லாம் "குடிக்கக் குடிக்கக் கதை வளரும்" என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவுக்குப் போன தடவை ஐந்தாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. அதிலிருந்து இந்தத் தடவை வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. தொட்டில் வாங்கவில்லை, துணி வாங்கவில்லை, பெயர் யோசிக்கவில்லை. அம்மா "அது" என்றுதான் சொல்வாள். "அது நல்லபடியா வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." அக்காவும் வயிற்றின் மேல் கையை வைக்கப் போய், யாராவது பார்த்தால் சட்டென்று எடுத்துவிடுவாள். ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அந்த அக்காவுக்கு ஒரு பாப்பா முகத்தைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் இத்தனை பாடும்.

இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு வந்திருந்தாள். "அக்கா, மேடையில நாலு கப் வச்சிருக்கேன். ஒண்ணு ஒண்ணா ஊத்திக் குடிச்சுப் பாரு. நாலாவதுல உனக்குன்னு ஒண்ணு இருக்கு. அவசரப்பட்டு அதை முதல்லயே எடுத்துடாத."

"போடி, பெரிய புதையல்" என்றாள் அக்கா. ஆனால் சிரித்தாள்.

இப்போது சுண்டு, நீல விரலைத் தாவணியில் துடைக்கவும் தோன்றாமல் நின்றபடி, எங்கே தப்பு நடந்தது என்று யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பூசிய மை ஒரு நாள் முழுக்க ஆற வேண்டும். அவளுக்கு அத்தனை பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. தலைமுடி உலர்த்துகிற டிரையரை எடுத்து ஒவ்வொரு கப்பாகச் சூடு காட்டினாள். சூடு பட்டதும் மை நிறமில்லாமல் போனது. காய்ந்தது எது, காயாதது எது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? காய்ந்துவிட்டது என்று நம்பி, கதகதப்பாக இருக்கும்போதே ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நன்றாக உட்காரட்டும் என்று ஒரு திருகும் திருகினாள். உள்ளே போன கப்பின் வெளிப்பக்கத்து ஈரம், கீழே இருந்த கப்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டது. அடுக்கி முடித்துக் குனிந்து பார்த்தாள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சூடாக இருந்தால் வெள்ளையாகத்தானே இருக்கும், அறிவுகெட்டவளே!

அந்த மை என்ன மை? அதுவும் தெரியாது. பெயிண்ட் கடைக்காரர் பெரிய டின்னிலிருந்து ஒரு பெயரில்லாத சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். "சட்டை, அட்டை, சுவரு, எதுல வேணா அடிம்மா. வாயில மட்டும் வச்சிடாத" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். கப்புக்கு வெளியே பூசுவதற்கு என்ன வந்தது என்று அப்போது நினைத்தாள்.

போனை எடுத்தாள். அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது. காதில் வைத்தாள்.

"சுண்டு! அந்தப் பூனை உன்னை மாதிரியே இருக்குடி, அதே திருட்டு முழி. ரெண்டு கப் ஆச்சு. டாக்டர் காபியைக் குறைக்கச் சொன்னாங்கல்ல, அதனால பால்தான், கொஞ்சமா காபி வாசனை காட்டி. காலுறையைப் பார்த்ததும்..." இங்கே குரல் கொஞ்சம் நின்றது. "சரி விடு. மூணாவதைக் குடிச்சுட்டு நாலாவதுக்கு வரேன்."

சுண்டுவின் கை ஜில்லிட ஆரம்பித்தது. அக்காவின் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்தது.

"அடுத்தது யாரு? கப்பு நீங்கதானே?"

துறைத் தலைவர் நேரே எதிரே நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் அட்டை, முகத்தில் அவருக்கே உரிய அவசரம். கூடவே வெளியிலிருந்து தேர்வாளராக வந்த, காகிதக் கப் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருக்கிற ஒரு அம்மா கையில் காபி பிளாஸ்க்கோடு நின்றார். தலைவரின் பார்வை சுண்டுவின் காதுக்குப் போனது. "போன் பேசி முடிச்சுட்டு வரட்டுமா?" என்றார்.

அவள் கட் செய்தாள். ஒரே ஒரு மணி அடித்திருக்கும். அஞ்சு நிமிஷம்தான், இவங்க போனதும் பேசிடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூணாவதைக் குடிக்க அக்காவுக்கும் நேரம் ஆகும். கொஞ்சூண்டு மைதானே. ஒன்றும் ஆகாது. பயந்தவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிற பொய்களுக்குக் கணக்கே கிடையாது, அத்தனையும் அந்த ஒரு நொடியில் அவளுக்கு வந்தன.

வாய் பாட்டுக்குப் பேசியது. பூனை, திரைச்சீலை, கதை, குடிக்கிறவரையும் கதைக்குள் இழுப்பது என்று மனப்பாடம் செய்தது எல்லாம் வரிசையாக வந்தது. மனசு மட்டும் சமையலறை மேடையில் இருந்தது. தொழிற்சாலை அம்மா முதல் கப்பை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தார். சற்று நேரத்தில் திரைச்சீலை வெளுத்து, பால் புட்டி மங்கலாகத் தெரிந்தது.

"அட, கைச்சூட்டுக்கே விலகுதே" என்றார் அவர்.

"ஆமா மேடம். ஆனா அதை நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. ஊத்திக் குடிச்சாத்தானே அது கப்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லி அவர் பிளாஸ்க்கைத் திறந்தார்.

காபி இறங்கியது. ஆவி பறந்தது. சுண்டு கப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்சுவரில் இருந்த நீலத் தீற்றல் காபி ஏற ஏற வெளுத்து, கரைந்து, காணாமல் போனது. இப்போது உலகத்தில் எவர் எட்டிப் பார்த்தாலும் சுத்தமான வெள்ளைக் கப்தான். யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த அம்மா ஒரு வாய் குடிப்பார், நன்றாக இருக்கிறது என்பார், தலைவர் எழுதிக்கொள்வார், முடிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சுண்டு வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். கப் உயர்ந்தது. உதட்டுக்குப் பக்கத்தில் போனது.

அங்கே அவளுக்குத் தெரிந்தது தொழிற்சாலை அம்மாவின் உதடு இல்லை.

"குடிக்காதீங்க!"

கத்தியதோடு நிற்கவில்லை, கையையும் வீசிவிட்டாள். கப் பறந்தது. காபி முழுவதும் துறைத் தலைவரின் வெள்ளைச் சட்டையில் போய் இறங்கியது. அவர் துள்ளிய துள்ளலில் பக்கத்து மேசைச் சோப்புக் கோபுரம் மூன்றாம் முறையாகச் சரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் கூடம் முழுக்கச் சிரித்திருக்கும். சுண்டுவின் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"உள்ள மை ஒட்டியிருக்கு மேடம். சூட்டுல தெரியாது. நான்தான் சரியா காயவிடல. என்ன மைன்னுகூட எனக்குத் தெரியாது." அழுதுகொண்டே இன்னொரு கப்பைச் சாய்த்துக் காட்டினாள்.

தலைவர் சட்டையை உதறிக்கொண்டே ஏதோ சொல்ல வந்தார். தொழிற்சாலை அம்மா கையை நீட்டி அவரை நிறுத்தினார். கப்பின் உள்ளே பார்த்தார். பிறகு சுண்டுவைப் பார்த்தார்.

"இதுல வேற யாராவது குடிச்சிருக்காங்களா?"

சுண்டு தலையை ஆட்டினாள். "எங்க அக்கா. ஏழு மாசம்" என்பது மட்டும் வந்தது.

"அப்ப இங்க ஏன்மா நின்னுட்டு இருக்க?"

ஓடினாள். மை புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பையும் மற்றதும் மேசையிலேயே கிடந்தன. தொழிற்சாலை அம்மா பின்னாலேயே வந்து, கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு, தன் எண்ணையும் அவள் போனில் அழுத்திக் கொடுத்தார். "மையைப் பத்தி நான் விசாரிக்கிறேன். நீ போ."

வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அம்மாவின் போன் தையல் கூடத்துப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். மறுபடி அக்காவையே அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கிற நேரத்தில், சமையலறைத் தரையில் அக்கா விழுந்து கிடப்பது போலத் தெரிந்தது. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"பரீட்சை சரியா எழுதலியாம்மா?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "விடும்மா, அடுத்த தடவை எழுதிக்கலாம்."

அடுத்த தடவை என்கிற வார்த்தையைக் கேட்டதும் சுண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வார்த்தையைத்தான் போன தடவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் அக்காவிடம் சொன்னார்கள்.

லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. படியில் ஏறினாள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. மணியை அழுத்தினாள். கதவைத் தட்டினாள். "அக்கா! அக்கா!" எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பிறகு செருப்பு தேயும் சத்தம் கேட்டது. தாழ் விலகியது.

"என்னடி, கதவை உடைச்சிடுவ போலிருக்கே. லேசா கண்ணசந்துட்டேன். போன் உள்ள சார்ஜ்ல கிடக்கு." அக்கா தூக்கக் கலக்கத்தோடு நின்றாள். கையில் நான்காவது கப் இருந்தது. அடியில் கொஞ்சம் பால் ஏடு கட்டிக் கிடந்தது. "என்ன அதுக்குள்ள வந்துட்ட? மார்க் போட்டாச்சா?"

சுண்டு அந்தக் கப்பையே பார்த்தாள். "குடிச்சிட்டியா?"

அக்காவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. எத்தனையோ மாதமாகப் பார்க்காத வெட்கம். "ஒரு தடவையா? ஆறினா பாப்பா போர்வைக்குள்ள போயிடுதுடி. திடீர்னு காணோம். எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. உடனே சூடா கொஞ்சம் ஊத்தினேன், வந்துடுச்சு. மறுபடி ஆறிச்சு, மறுபடி ஊத்தினேன். பாலை வீணாக்க வேணாமேன்னு குடிச்சுக் குடிச்சு வயிறே ரொம்பிடுச்சு. எத்தனை தடவை ஊத்தினேன்னு கணக்கே இல்ல. பால் தீர்ந்த அப்புறம்தான் படுத்தேன்."

சுண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தான் போட்ட படம் அது. ஆறினால் மறையும் என்று தெரிந்தே போட்டது. ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் கொண்டுபோய், கண்ணெதிரே மறைந்துபோகிற குழந்தையைக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. இப்போது உறைத்தது.

சொன்னாள். மை, டிரையர், அடுக்கு, தீற்றல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அக்காவின் கண்ணைப் பார்க்க முடியவில்லை, அவள் கால் விரல்களைப் பார்த்தே சொன்னாள். அக்கா கப்புக்குள் எட்டிப் பார்த்தாள். பால் ஏட்டுக்கு மேலே, நீலம் இருந்தது.

"சுண்டு" என்றாள் அக்கா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "படுக்குறதுக்கு முன்னாடியே அசையறது நின்னுடுச்சு. தூங்குதுன்னு நினைச்சேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன வழி சுண்டுவுக்கு நினைவில் நிற்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், யார் பார்க்கிறார்கள் என்ற கவலை இல்லாமல். அது மட்டும் நினைவிருந்தது. நான்காவது கப்பை டாக்டரிடம் காட்டச் சுண்டு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். மடியில் அது வெறும் நீலப் போர்வையாக உட்கார்ந்திருந்தது.

அக்காவை எப்போதும் பார்க்கிற டாக்டரம்மா புட்டியை முகர்ந்து பார்த்தார். தொழிற்சாலை அம்மாவின் எண்ணுக்குப் பேசினார். அவர் அதற்குள் பெயிண்ட் கடையில் போய் நின்று, டின்னின் மேலிருந்த எழுத்துகளை வரி விடாமல் படித்துச் சொன்னார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே தலையாட்டினாரே தவிர, முகத்தில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. இந்த டாக்டர்களின் முகத்தைப் படிக்க யாராவது ஒரு பள்ளிக்கூடம் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

"முதல்ல துடிப்பைக் கேட்டுடுவோம்" என்றார்.

அக்காவைப் படுக்க வைத்து, வயிற்றில் பசை தடவி, அந்தச் சின்னக் கருவியை வைத்தார். கரகரவென்று இரைச்சல் வந்தது. கருவியை நகர்த்தினார். இரைச்சல்தான். இன்னும் கீழே நகர்த்தினார். ஒரு துடிப்பு கேட்டது, மெதுவாக. சுண்டு நிமிர்ந்தாள். "இது அம்மாவோடது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு மறுபடி நகர்த்தினார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் ஓடியது, அவள் துடைக்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் தேடினார்கள். தேடித் தேடி, கடைசியில் கருவியை எடுத்துத் துணியால் துடைத்து மேசையில் வைத்துவிட்டார்கள். சுண்டு அன்றும் இதே சுவர் ஓரம் நின்றாள். நான் என்ன கொடுத்தாவது ஈடு கட்டுகிறேன், அதை மட்டும் வைக்காதீர்கள் என்று அந்தக் கருவியைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினாள்.

டாக்டரம்மா அக்காவை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். வயிற்றைத் தட்டினார். கருவியை விலாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தினார்.

டக்டக்டக்டக் என்று ஓடியது சத்தம். அறை முழுக்க நிறைந்தது.

"இந்தா இருக்காங்க. நல்லா முதுகைக் காட்டிக்கிட்டுத் தூக்கம்" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அவர் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் வந்தது. "ஒட்டியிருந்த மை ரொம்பக் கொஞ்சம்தான். அவங்க படிச்சுச் சொன்னதை வச்சுப் பார்த்தா பெருசா எதுவும் ஆகாதுன்னுதான் தோணுது. இருந்தாலும் நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். ரத்தமும் பார்த்துடுவோம்."

அவர் போன பிறகு அறையில் இரண்டு பேர்தான். துடிப்பைக் கேட்க வயிற்றில் கட்டிவிட்டுப் போன இயந்திரம் டக்டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. சுண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் கிடந்த அக்காவின் கையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல், பக்கத்தில் தன் கையை வைத்திருந்தாள்.

"காலையில உன் போன் ஒண்ணு வந்துச்சு" என்றாள் அக்கா, கூரையைப் பார்த்தபடியே. "மூணாவது கப் கையில இருந்துச்சு. வச்சுட்டு எடுக்கப் போனேன். ஒரு மணியோட நின்னுடுச்சு. கை தவறிப் பட்டிருக்கும்னு நினைச்சேன். அப்புறம்தான் நாலாவதுக்குப் பால் சுட வச்சேன்."

ஆமாம், கை தவறித்தான் பட்டது என்று சொன்னால் போதும். அக்காவே அந்தப் பதிலைச் சொல்லிக் கையில் கொடுத்துவிட்டாள். கூடத்தில் கப்புக்குள் மறைந்த தீற்றல் போலவே இதுவும் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

"தவறிப் படல" என்றாள் சுண்டு. "நான்தான் கட் பண்ணேன். அப்ப எனக்குத் தெரியும். மார்க் போடறவங்க வந்துட்டாங்க. அவங்க போகட்டும்னு..."

முடிக்க முடியவில்லை. அக்கா தன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சுண்டுவுக்கு இந்த நாள் முழுக்க வந்த பயங்களிலேயே இதுதான் பெரிதாக இருந்தது. இனிமேல் அக்கா தன்னைப் பார்க்கவே மாட்டாளோ என்ற பயம்.

"அந்தக் கப்பை எடு" என்றாள் அக்கா.

சுண்டு பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அக்கா வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டாள். வெறுமனே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நீலம் வெளுத்தது. போர்வைக்கு அடியிலிருந்து ஒரு நெற்றி தெரிந்தது. பிறகு கன்னம்.

அக்கா மெல்லத் திரும்பினாள். "ஊத்தவே வேணாமா? கையில பிடிச்சாலே வருதா?"

"வரும்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"ஊத்திக் குடிச்சாத்தான் அது கப்புன்னு நினைச்சேன்" என்றாள் சுண்டு. சொன்னபோதே அந்த வார்த்தை எவ்வளவு அற்பம் என்று அவள் காதுக்கே கேட்டது.

அக்கா கப்பை அவளிடம் நீட்டினாள். "நீ பிடி."

சுண்டு பிடித்தாள். அவள் கை காலையிலிருந்தே ஐஸ். கன்னம் முதலில் மறைந்தது, பிறகு நெற்றி. நீலம் மேலே ஏறி வந்து தொட்டிலை மூடிவிட்டது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தேய்த்தாள். வாயால் ஊதினாள். பாப்பா வரவில்லை.

"வரலக்கா" என்றாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் விம்மினாள். "என் கைக்கு வர மாட்டேங்குது."

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. போக நாள் ஆகும்.

"மீன் கடைக் கை" என்றாள்.

பிறகு கொஞ்சம் நகர்ந்து படுத்து, தன் இரண்டு கையையும் நீட்டி, கப்பைப் பிடித்திருந்த தங்கையின் கைகளின் மேல் வைத்து மூடிக்கொண்டாள். இருவரும் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.